புரோக்கர் எழுத வேண்டிய ஒரு பக்கம்

(மும்பையில் எங்கள் கிளைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வெளியூர் அங்கத்தினர்களுக்காகச் சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



நான் ரியல் எஸ்டேட் நிபுணன் அல்லன். பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு, மத்திய அரசு அலுவலகத்தில் 36 வருஷம் பைல் எழுதி, 2010-ல் ஓய்வு பெற்றவன். என்னை ஏன் இந்த விஷயத்தில் பேச அழைத்தார்கள் என்றால், நம் கிளையில் நாலைந்து பேர் இப்போது வீடு வாங்கல் விற்றல் தொழிலில் இருக்கிறார்கள். பாங்கிலிருந்து வி.ஆர்.எஸ். வாங்கியவர் ஒருவர், கம்பெனி மூடியதால் வந்தவர் ஒருவர், மீதிப் பேர் இளைஞர்கள். "வாடிக்கையாளர் நம்மைத் தேடி வருகிற மாதிரி என்ன எழுதுவது, எப்படி எழுதுவது?" என்று அவர்கள் கேட்டார்கள். எழுதுவதைப் பற்றி என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைவிட, ஒரு புரோக்கர் எழுதாமல் விட்டதால் என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரியும். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1994-ல் டோம்பிவிலியில் ஒரு பிளாட் வாங்கினேன். ஆபீஸில் வீட்டுக் கடன், பி.எஃப்.-ல் கொஞ்சம், என் மனைவியின் நாலு வளையல் என்று சேர்த்தது 4 லட்சம். புரோக்கர் நம்மவர். நெற்றியில் விபூதி, பேச்சில் தேன். பெயர் வேண்டாம், அவர் இப்போது இல்லை. "ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிஷம், 800 சதுர அடி, தண்ணீருக்குப் பஞ்சமே கிடையாது" என்றார். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். "என்ன சார், நம்ம மனுஷாகிட்டேயே பேப்பர் கேக்கறேளே?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆபீஸில் வாய்மொழி உத்தரவை ஒரு நாளும் ஏற்காதவன், அன்று வாய் பேசாமல் அட்வான்ஸ் கொடுத்தேன்.

குடி போன முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். பத்தொன்பது நிமிஷம். பிறகு டேப் வாங்கி வந்து வீட்டை அளந்தேன். சுவருக்குச் சுவர் 536 சதுர அடி. மீதி 264 சதுர அடி மாடிப்படியிலும், நடைபாதையிலும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் இருந்ததாம். அதற்கு 'சூப்பர் பில்ட்-அப்' என்று பெயர். சதுர அடி 500 ரூபாய் என்று நினைத்து வாங்கியது, உண்மையில் 746 ரூபாய். தண்ணீர் விடியற்காலை நாற்பது நிமிஷம் வரும், அதுவும் கீழ்த்தளத்துக் குழாயில் மட்டும். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. ஆறு வருஷம் என் மனைவி குடத்தோடு அந்தப் படிகளை ஏறினாள். இப்போது அவளுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அந்தப் படிகள்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. விஞ்ஞானம் படித்தவன், நானும் சொல்லமாட்டேன். ஆனால் அவள் சொல்கிறாள்.

அந்த மனிதர் பொய் சொன்னார் என்றுகூட இன்று எனக்குத் தோன்றவில்லை. அவர் அளக்கவே இல்லை. பில்டர் சொன்னதை என்னிடம் சொன்னார், அவ்வளவுதான். எழுதச் சொல்லியிருந்தால், எழுத உட்கார்ந்திருந்தால், ஏழு என்ற எண்ணைப் போடுவதற்கு முன் பேனா ஒரு நிமிஷமாவது நின்றிருக்கும்.

இனி என் தங்கை பிள்ளையின் கதை. 2013-ல் வேலை போய் தாணேயில் இந்தத் தொழிலுக்கு வந்தான். ஒரு நாள் வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிற விளம்பரத்தை என்னிடம் காட்டினான். "ஸ்டேஷனுக்கு மிக அருகில், விசாலமான, காற்றோட்டமான, உலகத் தரம் வாய்ந்த இரு படுக்கையறை வீடு. முந்துங்கள்!" என்று இருந்தது. "இதில் நான் சரிபார்க்கக்கூடிய வார்த்தை ஒன்று காட்டு" என்றேன். 'இரு படுக்கையறை' மட்டும் மிஞ்சியது.

காலேஜில் எங்களுக்கு அப்சர்வேஷன் நோட்டு என்று ஒன்று உண்டு. கண்ணால் பார்த்தது ஒரு பத்தியில், அதிலிருந்து ஊகித்தது வேறு பத்தியில். 'வெண்மையான வீழ்படிவு தோன்றியது' என்பது பார்த்தது. 'குளோரைடு இருக்கலாம்' என்பது ஊகம். இரண்டையும் கலந்து எழுதினால் எங்கள் ஆசிரியர் பக்கத்தையே சிவப்பு மையால் அடித்துவிடுவார். மருமானுக்கு நான் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான். 'மே 12-ந் தேதி காலை 6 மணியிலிருந்து 7.15 வரை சமையலறைக் குழாயில் தண்ணீர் வந்தது' என்று எழுது. 'தண்ணீர்ப் பிரச்னை இல்லை' என்பதை வாங்குகிறவர் தானே முடிவு செய்யட்டும்.

தூரத்தை எப்படிச் சொல்வது? ஜப்பானில் வீட்டு விளம்பரங்களுக்கு ஒரு விதி உண்டு. நடந்து போகும் நேரத்தை நிமிஷத்துக்கு 80 மீட்டர் என்ற கணக்கில்தான் போட வேண்டும், மிச்சம் வந்தால் ஒரு நிமிஷமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். என் டோம்பிவிலி வீடு ஸ்டேஷனிலிருந்து 1,500 மீட்டர். 80-ஆல் வகுத்தால் 18.75, ஆகவே 19 நிமிஷம். நான் கடிகாரத்தில் பார்த்ததும் அதே. நம் ஊரில் அப்படி விதி இல்லை. அதனால் நீங்களாகவே மீட்டரைப் போட்டுவிடுங்கள். வயதானவர்கள் வாங்கும் வீடானால் 60 மீட்டர் கணக்கில் இன்னொரு நேரமும் எழுதுங்கள், அந்த வீடு 25 நிமிஷமாகிவிடும். வழியில் ரயில்வே மேம்பாலம் இருந்தால் படிகளின் எண்ணிக்கையும் சேரட்டும். இதை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை, ஆனால் எழுபது வயதுக்காரன் முதலில் கேட்பது அதைத்தான்.

பரப்பளவு விஷயத்தில் சட்டம் இப்போது நமக்குத் துணை. 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், நாம் 'ரேரா' என்று சொல்வது, 2017 மே 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. அதில் கார்பெட் ஏரியா என்ன என்று வரையறை இருக்கிறது. உட்சுவர்கள் கணக்கில் சேரும். வெளிச்சுவர்களும், குழாய்கள் செல்லும் பொந்துகளும், அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, வராந்தா, திறந்த மாடியும் சேராது. ஆனால் பழைய வீட்டை மறுவிற்பனை செய்கிறவர்கள் இன்னமும் 'சூப்பர்' கணக்கிலேயே பேசுகிறார்கள். அங்கேதான் டேப் வேண்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயம். பல புரோக்கர்கள் தரை ஓடுகளை எண்ணிப் பரப்பு சொல்கிறார்கள், ஓடு இரண்டடிக்கு இரண்டடி என்று. கடையில் விற்பது 600 மில்லிமீட்டர் ஓடு. இரண்டடி என்பது 609.6 மில்லிமீட்டர். ஆகவே ஓர் ஓடு 4 சதுர அடி அல்ல, 3.875. 129 ஓடு பதித்த வீட்டை 516 என்பீர்கள், உண்மையில் 500 தான். சதுர அடி பத்தாயிரம் விற்கிற இடத்தில் அந்த 16 சதுர அடி ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் பணம் போய்விட்டது.

மழையைப் பற்றியும் எழுத வேண்டும். மும்பைக்காரர்களுக்கு 2005 ஜூலை 26 என்றாலே போதும். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்த நாள். இன்றும் வீடு பார்க்க வருகிறவர் வாட்ச்மேனைத் தனியே அழைத்துக் கேட்கிற கேள்வி, "அன்னிக்கு இங்கே எவ்வளவு தண்ணி நின்னது?" என்பதுதான். அவர் வாட்ச்மேனைக் கேட்பானேன்? நீங்களே தெருத் தெருவாகப் போய், அன்று இருந்தவர்களைக் கேட்டு, முழங்கால், இடுப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் நீங்களே போய்ப் பார்த்துத் தேதி போட்டு எழுதுங்கள். என் மருமான் ஐந்து வருஷமாக அப்படி எழுதி வருகிறான். அவன் எழுதியதில் மிகவும் படிக்கப்படுவது அந்த ஜூலைக் குறிப்புதான். அதில் விற்பனைக்கு ஒரு வீடுகூடக் கிடையாது. நாகபுரியிலிருந்து ஒரு வயதான தம்பதி அதைப் படித்துவிட்டு, தரைத்தள வீடு வேண்டாம், இன்ன தெருவில் இரண்டாவது மாடி பாருங்கள் என்று அவனுக்கே போன் செய்தார்கள்.

தேதி என்றேன். இதில் ஒரு அனுபவம். 2020-ல் கொரோனா சமயத்தில் மகாராஷ்டிர அரசு முத்திரைத் தீர்வையைக் குறைத்தது. மும்பையில் 5 சதவீதம் இருந்தது 2020 டிசம்பர் வரை 2 ஆயிற்று, 2021 மார்ச் வரை 3, அப்புறம் சலுகை முடிந்தது. மருமான் அதை ஒரு பக்கம் அழகாக எழுதினான், தேதி போடவில்லை. அந்தக் காகிதம் கைமாறிக் கைமாறி, 2021 ஆகஸ்டில் ஒருவர் இரண்டு சதவீதப் பணத்தோடு வந்து நின்றார். அவர் கோபித்துக்கொண்டது நியாயம். அன்றிலிருந்து அவன் எழுதும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, சட்ட விஷயமானால் 'இந்தத் தேதி வரை சரி' என்று ஒரு வரி. பைலில் தேதியில்லாத நோட்டு செல்லாது என்று எனக்கு 24 வயதில் சொல்லிக் கொடுத்தார்கள்.

சட்டம் முகவரைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேராவில் பதிவான திட்டங்களில் வீடு விற்க உதவுகிறவர் தாமும் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாமல் செய்தால் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், வீட்டு விலையில் ஐந்து சதவீதம் வரை போகலாம். பதிவாகாத திட்டத்தை விற்கக் கூடாது. பில்டருக்கு இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. வீட்டை புக் செய்யும் சமயத்தில் எல்லாத் தஸ்தாவேஜுகளும் வாங்குகிறவர் கைக்குக் கிடைக்க உதவ வேண்டும். மகாராஷ்டிரத்தில் இன்னும் ஒரு படி மேலே. 2023-ல் முகவர்களுக்குப் பரீட்சையே வைத்துவிட்டார்கள், 2024 ஜனவரி முதல் தேர்ச்சிச் சான்றிதழ் கட்டாயம். 2023 ஆகஸ்ட் முதல் பில்டர் விளம்பரங்களில் கியூஆர் கோடும் போட வேண்டும். நம் கிளையில் அறுபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் அந்தப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தார். அவருக்குக் கைதட்டலாம்.

ஆகவே பில்டர் கொடுக்கும் பளபளக் காகிதத்தை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். அதில் தவறு இருந்தால், எழுதியவர் எவரோ, கையெழுத்து உங்களுடையது.

மற்ற நகரங்களில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ச் சிக்கலை எழுதலாம். பெங்களூரில் ஏ காத்தா, பி காத்தா வித்தியாசம். டெல்லியில் லீஸ்ஹோல்ட், பிரீஹோல்ட், லால் டோரா. நவி மும்பையில் சிட்கோ நிலம் 60 வருஷக் குத்தகை. வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் குடும்பத்துக்கு இவை காதில் விழாத வார்த்தைகள். ஒரு வார்த்தைக்கு ஒரு பக்கம் வீதம் எழுதினாலே ஒரு வருஷம் ஓடும். உங்கள் பேட்டையைத் தாண்டி எழுதாதீர்கள், அது போதும். எதில் எழுதுவது என்பது இரண்டாம் பட்சம். மருமான் மாதம் ஒரு பக்கம் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான், அதையே அச்சடித்து நாலு சொசைட்டி நோட்டீஸ் போர்டில் அனுமதி வாங்கி ஒட்டுகிறான்.

இதுவரை சொன்னதெல்லாம் சுலபமான பகுதி. இனிக் கஷ்டமானது. 2019-ல் அவனிடம் 62 லட்சத்துக்கு ஒரு வீடு வந்தது. நல்ல வீடு, கிழக்குப் பார்த்த வாசல். கட்டடத்துக்கு ஓ.சி. என்கிற குடியிருப்புச் சான்றிதழ் இல்லை. நிலமும் இன்னும் பில்டர் பெயரிலேயே, சொசைட்டிக்கு கன்வேயன்ஸ் ஆகவில்லை. ஓ.சி. இல்லாவிட்டால் பாங்குகள் கடன் தரத் தயங்கும். கன்வேயன்ஸ் ஆகாவிட்டால் நாளைக்கு இடித்துக் கட்டும்போது பில்டர் வந்து நிற்பார். 'டீம்ட் கன்வேயன்ஸ்' என்று சொசைட்டி தானே விண்ணப்பித்து வாங்க 2008-லேயே மகாராஷ்டிரச் சட்டத்தில் வழி செய்தாகிவிட்டது, ஆனால் அந்தச் சொசைட்டியில் யாரும் முனையவில்லை. இவன் இரண்டையும் உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டான்.

வீட்டுக்காரர் அன்று மாலையே கூப்பிட்டு, "என் சாப்பாட்டுல மண்ணைப் போட்டுட்டியே" என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மூன்று வாரத்தில் இன்னொரு புரோக்கர் அதே வீட்டை விற்றுவிட்டார். இரண்டு சதவீதம், ஒரு லட்சத்து இருபத்து நாலாயிரம் ரூபாய் கமிஷன் போயிற்று. மருமானின் மனைவி என்னிடம் நேராகவே கேட்டாள்: "மாமா, நீங்க சொல்லித்தானே இப்படி எழுதறார். குழந்தை ஸ்கூல் பீஸ் நீங்க கட்டறேளா?" அந்த டேர்ம் பீஸ் நான்தான் கட்டினேன். கேட்டது தப்பு என்று நான் நினைக்கவில்லை.

அதற்கப்புறம் நானும் அவனும் உட்கார்ந்து யோசித்தோம். தப்பு எழுதியதில் இல்லை, வரிசையில் இருந்தது. வீட்டுக்காரர் பார்க்காத ஒரு பக்கத்தை ஊருக்குக் காட்டியிருக்கிறான். விற்கிறவர்தான் அவனை நம்பி வீட்டை ஒப்படைத்தவர், அவரிடம் முதலில் காட்டியிருக்க வேண்டும். இப்போது எந்த வீடு வந்தாலும் எழுதி, வீட்டுக்காரரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய பிறகே அனுப்புகிறான். குறையை நீக்கச் சொன்னால், "மன்னிச்சுக்கோங்கோ, அப்ப என்னால முடியாது" என்று வீட்டையே விட்டுவிடுகிறான். ஆகவே அவனிடம் வீடுகள் குறைவு. பக்கத்துக் கடைப் புரோக்கர் கார் வாங்கிவிட்டார், இவன் இன்னும் ஸ்கூட்டர்தான். ஆனால் இவனிடம் வருகிறவர்கள் பத்து வீடு பார்த்துச் சலித்துப் போகிறவர்கள் அல்லர். படித்துவிட்டு, குறை தெரிந்து, மனதில் ஒரு தொகையோடு வருகிறார்கள். அலைச்சல் பாதியாகிவிட்டது என்கிறான்.

எழுதக் கூடாதவையும் உண்டு. வீட்டுக்காரர் ஏன் விற்கிறார் என்பது உங்கள் வாயில் வரக் கூடாது. பிள்ளை கடன் பட்டிருக்கலாம், பெண் வாழாமல் திரும்பியிருக்கலாம், அது விலையைக் குறைக்க ஆயுதமாகிவிடும். பூஜை அறையின் வெள்ளிப் பாத்திரங்கள் தெரிய போட்டோ எடுக்காதீர்கள். தனியாக இருக்கும் மாமி எப்போது வீட்டில் இருப்பார் என்று எழுதாதீர்கள். இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்பீர்கள். நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

'சைவக் குடும்பத்துக்கு மட்டும்', 'நம்மவர்களுக்கு மட்டும்' என்று எழுதலாமா என்று ஒருவர் முன்பே சீட்டு அனுப்பியிருக்கிறார். வீட்டுக்காரர் வைத்த நிபந்தனையானால் அதை மறைத்து ஆட்களை அலைய விடுவது சரியல்ல. அவர் சொல்லாததை, நம் கூட்டம் என்று காட்ட நீங்களாகச் சேர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 'நம்மவர்' என்ற சொல்லுக்கு நான் ஒருமுறை 264 சதுர அடி விலை கொடுத்திருக்கிறேன். அங்கத்தினர் இன்னொரு அங்கத்தினரிடம் வீடு வாங்கும்போது பேப்பர் கேட்டால், கேட்டவர் வெட்கப்பட வேண்டாம். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டால் இன்னும் உத்தமம்.

கேள்வி நேரத்தில் ஒரு மாமி எழுந்தார். அவர் பெண்ணும் மாப்பிள்ளையும் வெளிநாட்டில் இருக்கிறார்கள், புனேயில் அவர்கள் வீட்டை வாடகைக்கு விட வேண்டும். முத்திரைத் தாளில் பதினொரு மாதம் எழுதினால் போதும், ரிஜிஸ்டர் செய்வது வீண் செலவு என்று புரோக்கர் சொல்கிறாராம். மகாராஷ்டிரத்தில் அப்படி இல்லை என்றேன். 1999-ம் வருஷத்து வாடகைச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, பதினொரு மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, பதிவாகவும் வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவு செய்யாவிட்டால் நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, எதிராக நிரூபிக்கும் வரை, சரியென்று கொள்ளப்படும். சொசைட்டி நான்-ஆகுபன்சி சார்ஜ் கேட்டால், 2001-ம் வருஷத்து அரசாணைப்படி அது பராமரிப்பில் சேவைக் கட்டணப் பகுதிக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னேன்.

மாமி கைப்பையிலிருந்து அந்தப் புரோக்கர் கொடுத்த சீட்டை எடுத்துக் காட்டினார். ஒரு போன் நம்பரும் 'ஆல் பேப்பர்ஸ் கிளியர்' என்ற வரியும் இருந்தன. பெயர் இல்லை, தேதி இல்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், அவர் கேட்க வேண்டிய ஏழு கேள்விகளை அதிலேயே எழுதிக் கொடுத்து, கீழே அன்றைய தேதியையும் போட்டேன்.